‘நீங்க உக்காருங்கம்மா’

வயதான பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவளுக்கு வயதும் எதிரி இல்லை, முட்டித் தேய்மானமும் எதிரி இல்லை. வீட்டுக்கு வீடு அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிதான் எதிரி.

நான் பிசியோதெரபிஸ்ட். திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்தேன். அங்கே என்னிடம் வந்த பெண்களில் பாதிப்பேர், கொஞ்சம் முன்னாலேயே உடம்பை அசைத்திருந்தால் வந்திருக்கவே வேண்டாதவர்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தோன்றியதைச் சும்மா விடுகிற சுபாவம் எனக்குக் கிடையாது. வேலையை விட்டுவிட்டுப் போளூர் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பேசிப் பிடித்தேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலை நேரம் எங்களுடையது. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு மட்டும். முட்டிவலிக்காரர்கள், இடுப்புவலிக்காரர்கள், ‘எனக்கு இன்னா, நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து நடப்பவர்கள் எல்லாருக்கும் இடம் உண்டு. இதைப் படிக்கிற உங்களுக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது வாய் தானாக ‘அம்மாடி’ என்கிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். கூச்சப்படாமல் மேலே படியுங்கள்.

கரண்ட் எப்போ?

எங்கள் ஊரில் பிசியோதெரபி என்றால் யாருக்கும் தெரியாது. ‘கரண்ட் வைக்கிறது’ என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் வலிக்குப் பட்டை ஒட்டி மெஷினைப் போடுவோம் இல்லையா, அதைத்தான் சொல்கிறார்கள். என் படிப்பு, பட்டம் எல்லாம் அந்த ஒரு ஒயருக்குள் அடங்கிவிட்டது. கடைத்தெருவில் போனால் ‘கரண்ட் மேடம் போறாங்க’ என்று கைகாட்டுவார்கள். மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறேன் என்று நினைத்து மீட்டர் பழுதைப் பற்றி என்னிடம் முறையிட்டவர்களும் உண்டு.

வகுப்புத் தொடங்கிய நாளில் முதலில் வந்தவர் கன்னியம்மா. அடி அண்ணாமலையில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் இட்லிப் பானைக்கு முன்னால் நின்றால் ராத்திரி கடை கட்டும்வரை நிற்கிறவர். நின்று நின்று கால் மரத்துப்போகிறது என்று வந்தார். வந்ததும் பாயில் உட்கார்ந்து புடவையை முட்டிக்கு மேல் ஏற்றிக் காலை என் பக்கம் நீட்டிவிட்டு, கண்ணைச் சுவரெல்லாம் ஓட்டினார். பிளக் பாயின்ட்டைத் தேடுகிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. இங்கே மெஷின் கிடையாது, நாமேதான் மெஷின் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். குதிகாலை உயர்த்தச் சொன்னேன், உயர்த்தினார். சுவரில் கை வைத்துத் தள்ளச் சொன்னேன், மண்டபம் ஆடுகிற மாதிரி தள்ளினார். முடிந்து கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து, மனசு நோகாதபடி மெதுவாகக் கேட்டார்:

“சரி மேடம், நாளைக்காவது கரண்ட் வந்துடுமா?”

ஷூ

மண்டபத்துத் தரை வழவழப்பான டைல்ஸ். வழுக்கக் கூடாது என்பதற்காக எல்லாரையும் ஷூ போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அது இவ்வளவு பெரிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. புடவைக்குக் கீழே ஷூ தெரிந்தால் தெருவே பார்க்குமே என்று பலர் அதைத் துணிப்பையில் ஒளித்துக்கொண்டு வந்து மண்டபத்துக்குள் மாட்டினார்கள். கன்னியம்மாவுக்கு ஒளிக்கத் தெரியாது. மகன் விட்டுவிட்டுப் போன விளையாட்டு ஷூவை, நுனியில் துணியை அடைத்து, வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரர் பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாராம்:

“இன்னாடி, இந்த வயசுல போலீசு செலக்‌ஷனுக்குப் போறியா?”

அவர் நடக்க வைக்கிறார்

மற்ற ஊர்களில் நட என்று சொன்னால் ‘நேரம் இல்லை’ என்பார்கள். எங்கள் ஊரில் ‘நாங்கதான் மலைய சுத்தறோமே’ என்பார்கள். அதற்குமேல் யாரும் பேச முடியாது. வசந்தா டீச்சர் இந்தக் கட்சிக்குத் தலைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவார். பதினாலு கிலோமீட்டரையும் வெறுங்காலோடு, முதுகு வளையாமல் நடந்து முடிப்பார். மறுநாள் தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் அந்த வாரம் முழுக்க டீச்சரை மாடிப்படியில் பார்க்க முடியாது. பிறகு அடுத்த பௌர்ணமி வரைக்கும் சோபா, டிவி, பேரனின் ஆன்லைன் கணக்கு.

கிரிவலப் பாதையிலேயே கடை வைத்திருக்கும் கன்னியம்மாதான் எனக்குச் சாட்சி. டீச்சர் போகும்போது இருக்கும் நடை வேறு, சுற்றி முடிக்கும்போது இருக்கும் நடை வேறு என்று நடித்தே காட்டினார். நான் டீச்சரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒரு நாள் மொத்தமாகச் சாப்பிட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் பட்டினி கிடப்பீர்களா, காலும் அப்படித்தான், தினம் கொஞ்சம் நடந்துவிட்டுப் பௌர்ணமிக்குப் போனால் படுக்க வேண்டியிருக்காது என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“அண்ணாமலையார் நடக்க வைக்கிறாரு மேடம். நீங்க நடக்கச் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா?”

பாதியில் நின்ற பேச்சு

புதிதாக வருகிறவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அன்றைக்கு வகுப்பு நடக்காது. என்ன செய்ய ஆசை என்றுதான் கேட்பேன். பஸ் படி ஏறணும், சாமான் மேல்தட்டில் எட்டணும், ஊருக்குப் போனால் அங்கே இருக்கிற கக்கூஸில் உட்கார்ந்து எழணும் என்று சொல்வார்கள். கன்னியம்மா மட்டும், அரைத்த மாவை கிரைண்டரிலிருந்து யாரையும் கூப்பிடாமல் தூக்க வேண்டும் என்றார்.

ஜமீலாம்மா வந்தபோது அவரிடமும் கேட்டேன். பஜாரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் குடும்பம். எங்கள் ஊரில் பல தலைமுறையாக இருக்கிறவர்கள். அறுபத்தேழு வயது. வீட்டுக்காரர் போய்ச் சில வருஷம் ஆகிறது. மகனும் மருமகளும் தாங்குகிறார்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ஆபரேஷன் தேவையில்லை, தொடைச் சதைதான் பலமில்லாமல் போய்விட்டது, அதைச் சரிசெய்யுங்கள் என்று அனுப்பியிருந்தார். ஒரு ஆசையும் இல்லை என்று முதலில் தலையாட்டினார். எல்லாரும் நகர்ந்த பிறகு என் பக்கத்தில் வந்தார். சில வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தேதான் நமாஸ் தொழுகிறாராம். முடியாதவர்கள் அப்படித் தொழலாம், அதில் ஒரு குறையும் இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிவிட்டாராம். ஆனால் இந்த ரம்ஜான் வருவதற்குள் ஒரு தடவையாவது தரையில் நெற்றியை வைத்து சஜ்தா செய்துவிட்டு, யாரும் தூக்காமல் எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அதைக் கேட்டதும் இந்த அம்மாவைத் தரை வரைக்கும் கொண்டுபோய்த் திரும்ப நிற்கவைக்காமல் விடுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன். ஹஜ்ரத்தே சரி என்று சொன்ன பிறகும் ஏன் இவ்வளவு தவிப்பு என்று கேட்டதற்கு, புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி சொன்னார்:

“தரையில நெத்தி படலன்னா, பேசிக்கினே இருந்த பேச்ச பாதியில நிறுத்திட்ட மாதிரி இருக்குதும்மா.”

ஸ்கூட்டி

கல்யாண மண்டபத்தில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. எதிரியின் ஆயுதத்தையே எடுத்துக்கொள்வது என் வழி. இரண்டு மூன்று நாற்காலியை அடுக்கி, உயரமாக்கி, சுவரோடு ஒட்டிப் போடுவேன். கையை ஊன்றாமல் அதில் உட்கார்ந்து எழ வேண்டும். கால் பழகப் பழக ஒவ்வொரு நாற்காலியாக உருவிவிடுவேன். ஒற்றை நாற்காலிக்குப் பிறகு ஸ்டூல், அதற்குப் பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மணை. கடைசியில் தரை. இந்த உட்கார்ந்து எழுகிற பயிற்சிக்கு நான் வைத்த பெயர் தோப்புக்கரணம். விளக்கம் தேவைப்படாத பெயர்.

ஜமீலாம்மா சேர்ந்த இரண்டாம் நாள் வசந்தா டீச்சர் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அது பிள்ளையார் சமாச்சாரமாச்சே, பாயம்மா மனசில் என்ன நினைப்பார், இங்கிலீஷில் சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்று ‘ஸ்குவாட்’ என்று மாற்றினேன். அது கன்னியம்மாவின் வாயில் நுழைந்து ‘ஸ்கூட்டி’யாக வெளியே வந்தது. அதோடு வகுப்பு முழுக்க ஸ்கூட்டி ஆகிவிட்டது. இன்றைக்கு ஸ்கூட்டி ஜாஸ்தியா கம்மியா என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். பெயர் மாறிய கதை பிறகு ஜமீலாம்மாவின் காதுக்குப் போனது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வசந்தா டீச்சரைப் பார்த்துச் சொன்னார்:

“நான் ஸ்கூல்ல போடாத தோப்புக்கரணமா டீச்சர்? கணக்கு டீச்சர் மதம் பாத்தா போட வெச்சாங்க?”

லைசென்ஸ்

அந்த ஸ்கூட்டி எங்கே போய் மோதியது தெரியுமா? மெத்தைக் கடையில். ஒருநாள் காலை வகுப்பு நடுவில் ஜமீலாம்மாவின் மகன் ரஃபீக் பாய் கடைச் சாவிக்கொத்து குலுங்க வந்தார். பெண்கள் வகுப்பு என்பதால் வாசலிலேயே நின்று, சுவரைப் பார்த்தபடி பேசினார். குரலில் மரியாதை இருந்தது, முகத்தில் இல்லை. வீட்டில் அம்மா மருமகளிடம், இன்றைக்கு முழுக்க ஸ்கூட்டி போட்டேன், நாளைக்கு இன்னும் ஜாஸ்தி போடச் சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சம் நடுங்குகிறது, ஆனால் விழவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு இந்த மனுஷனுக்கு ராத்திரி தூக்கம் இல்லை. இந்த வயதில் அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறீர்களா, செங்கம் ரோட்டில் லாரி வருகிற வேகம் தெரியாதா, லைசென்ஸ் யார் வாங்குவார்கள் என்று அடுக்கினார்.

கன்னியம்மா ஸ்கூட்டி என்றால் என்ன என்பதைச் செய்தே காட்டினார். பாய் புரிந்துகொண்டு, முகம் சிவந்து, சிரித்தும்விட்டார். அப்போதுதான் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார், ஜோராக. பாயின் கை தானாக ஒரு நாற்காலியை இழுத்தது.

“ஏன் அம்மி நிக்கிறீங்க? உக்காருங்க.”

மரியாதை

இந்த ‘உக்காருங்க’ இருக்கிறதே, இதைப் போல அன்பான சொல் எங்கள் பக்கத்தில் வேறு இல்லை. இதைப் போல ஆபத்தான சொல்லும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய பெண் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலி வரும். கடையில் வரும், பேங்கில் வரும், சாவு வீட்டிலும் வரும். சொந்த வீட்டில் கேட்கவே வேண்டாம். தண்ணீர் கைக்கு வரும், தட்டு மடிக்கு வரும். நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும்போது, கால் மட்டும் நமக்குத் தெரியாமல் வேலையை ராஜினாமா செய்துவிடும்.

ஜமீலாம்மாவின் வீட்டில் இது உச்சம். மகன் மெத்தை வியாபாரி அல்லவா, அம்மாவுக்குக் கடையிலேயே உயர்ந்த மெத்தை. சமையலறையில் ஒரு நாற்காலி, குளியலறையில் ஒரு நாற்காலி, தொழுகிற அறையில் ஒரு நாற்காலி. அவர் தொழில் படுக்கவைப்பது, என் தொழில் எழுப்பிவிடுவது, ஒத்துப்போகுமா? ஜமீலாம்மாவின் மருமகள் சபீனாவிடம் போனில் சொன்னேன். தண்ணீரை அவர்களே போய் எடுக்கட்டும், துணி மடிக்கட்டும், அடுப்படியில் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றேன். அந்தப் பெண் வீட்டில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

“அவங்கள நிக்க வெச்சிட்டு நான் உக்காந்திருந்தா, வீட்டுக்கு வர்றவங்க என்னத்தானே மேடம் சொல்வாங்க?”

எந்தக் கோயிலுக்கு?

நடுவில் முகூர்த்த மாதம் வந்தது. கூடம் போய்விட்டது. வகுப்பை நிறுத்த எனக்கு மனசில்லை. ஜமீலாம்மா ஒற்றை நாற்காலியிலிருந்து ஸ்டூலுக்கு இறங்கியிருந்த நேரம். மண்டபத்து மேனேஜரிடம் கெஞ்சி, சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் வாங்கினேன். ஒரு பக்கம் சாம்பார் கொதிக்கிறது, இன்னொரு பக்கம் நாங்கள் வரிசையாக நின்று உட்கார்ந்து எழுகிறோம். கைகழுவ வந்த பெண்வீட்டு அம்மாள் ஒருத்தர் எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை. கையைக் கூப்பிக்கொண்டு, இது எந்தக் கோயில் வேண்டுதலை என்று பயபக்தியோடு கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கன்னியம்மா எழுந்து நிமிர்ந்து பதில் சொன்னார்:

“முட்டி சாமிக்குங்க. நீங்களும் வந்து நில்லுங்க, நல்லது.”

தரை

ஸ்டூலை விட்டு மணைக்கு வந்துவிட்டோம். தரைக்கு இன்னும் நான் அனுமதி தரவில்லை. கீழே போவது சுலபம், எழுவதுதான் வேலை, அதைத் தனியாகச் சொல்லித்தருகிறேன், அதுவரை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் ரம்ஜான் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜமீலாம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்து, தானாகவே கீழே இறங்கிவிட்டார். இறங்கினவரால் எழ முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைக்குப் போன சபீனா ரஃபீக் பாயோடு திரும்பும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்திருப்பார்கள். கூப்பிடவில்லை.

நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. டாக்டரும் பார்த்துவிட்டார். ஆனால் மறுநாள் ஜமீலாம்மா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கன்னியம்மா தினமும் மணையை எடுத்து அவருடைய இடத்தில் போட்டுவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவார். மூன்றாவது நாள் ரஃபீக் பாய் வந்தார். இந்தத் தடவை கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி, அம்மா இனிமேல் வரமாட்டார்கள் என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவங்க கீழ கெடந்தத நீங்க பாக்கல மேடம். நான் பாத்தேன்.”

இறங்குங்க பாய்

அன்றைக்கு வகுப்பில் எதுவும் ஓடவில்லை. அந்த மகன் சொன்னது பொய்யில்லை. பெற்றவள் தரையில் கிடப்பதைப் பார்த்தவனுக்கு நாற்காலிதான் தெய்வமாகத் தெரியும். ஆனால் இப்படியே விட்டால் ஜமீலாம்மா மெத்தையை விட்டு இறங்கவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! விழுந்த அடியைவிட, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் படுத்தவர்கள்தான் அதிகம். சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். போனதும் எனக்கு ஒரு நாற்காலி வந்தது. நான் உட்காரவில்லை.

ஜமீலாம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாயிடம் நேராகவே சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களும் ஒருநாள் விழுவார்கள், பாத்ரூமுக்காவது எழுந்துதானே ஆக வேண்டும். விழுந்தால் எழத் தெரியாததுதான் இங்கே ஆபத்து. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள். அவர் அசையவில்லை. எனக்கும் வீம்பு வந்துவிட்டது. அம்மாவை விடுங்கள், நீங்கள் தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்து காட்டுங்கள், நான் போய்விடுகிறேன் என்றேன். நாற்பது வயது ஆம்பளை, இதென்ன பெரிய விஷயம் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழப் பார்த்தார். முன்னால் சாய்ந்தார், தொப்பை தடுத்தது. ஒரு கையை ஊன்றினார், போதவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்தார், அது வழுக்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டது. கடைசியில் சபீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஜமீலாம்மா திரும்பினார். வீட்டில் அவர்கள் பேசுவது உருது. எனக்கும் புரியட்டும் என்றுதானோ என்னவோ, தமிழிலேயே கேட்டார்:

“உனக்கு யாருப்பா சேர் போடுவாங்க? அதுக்கும் நான்தான் எழுந்து வரணுமா?”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

மறுநாளிலிருந்து வகுப்பு அவர்கள் வீட்டிலும் நடந்தது. இந்தத் தடவை தலைகீழாகத் தொடங்கினேன். முதலில் எழுவது. கெட்டிப் பாய் விரித்துப் படுக்கவைத்து, பக்கவாட்டில் திரும்பி, நாலு காலில் வந்து, பலமான காலை முன்னால் வைத்து, அந்தத் தொடைமேல் கையை ஊன்றி எழ வேண்டும். குழந்தைகள் யாரும் சொல்லித்தராமல் செய்வதுதான். பெரியவர்களுக்கு அதை மறக்கவைக்கத்தான் நாற்காலி போடுகிறோம். ரஃபீக் பாய்க்கும் ஒரு வேலை கொடுத்தேன். அம்மா எழும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், ஆனால் கை பின்னால் கட்டியிருக்க வேண்டும். நான் சொன்னால் ஒழியப் பிடிக்கக் கூடாது. ஜமீலாம்மாவைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது. அம்மா தள்ளாடும்போதெல்லாம் அவர் தோள் முன்னால் வரும், கை வராது. சபீனாவும் மாறினாள். ஒருநாள் நான் போனபோது அவள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள், மாமியார் நின்றுகொண்டு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பதறி எழப் போனவளை ஜமீலாம்மா கரண்டியாலேயே அமர்த்தினார்:

“உக்காரும்மா. யாராவது எதனா சொன்னா, மேடம் ஆர்டர்னு சொல்லு.”

இதற்கிடையில் வசந்தா டீச்சர் தினமும் அடி அண்ணாமலை வரைக்கும் நடந்து, கன்னியம்மா கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் திரும்ப ஆரம்பித்திருந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். போன பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பில் முதல் ஆளாக வந்து நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரே சொன்னார்:

“அண்ணாமலையாருதான் மேடம். தினம் நடக்கணும்னு இப்பதான் அவருக்குத் தோணியிருக்கு.”

பிறை பார்க்கிற நாள்

அன்றைக்குச் சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. காலையில் ஜமீலாம்மா போன் செய்து, பகல் தொழுகை நேரத்துக்கு வீட்டுக்கு வாங்கம்மா என்று மட்டும் சொன்னார். போனேன். ரஃபீக் பாய் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். தொழுகிற அறையில் முசல்லா விரித்திருந்தது. வழக்கமாக அங்கே நிற்கும் நாற்காலியை யாரோ மூலைக்கு நகர்த்தியிருந்தார்கள். சபீனா என் காதில், எங்க வீட்டுக்காரரேதான் மேடம் நகர்த்தினார் என்றாள். நாங்கள் மூன்று பேரும் வாசற்படியில் நின்றோம்.

ஜமீலாம்மா நின்று தொடங்கினார். குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு கையைத் தொடைமேல் வைத்து, முட்டியை மடக்கி, கீழே இறங்கினார். நெற்றி தரையைத் தொட்டது. அங்கேயே இருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டாவது தடவையும் நெற்றியை வைத்தார். பிறகு எழ வேண்டிய நேரம் வந்தது. முட்டியில் நின்றார், வலது காலை முன்னால் வைத்தார், கையை ஊன்றினார். கால் நடுங்கியது. பாதிக்கு வந்து அப்படியே நின்றார். சபீனா ஓர் அடி முன்னால் போய்விட்டாள். தொழுகிறவர் பேச முடியாது, ‘வேண்டாம், விடு’ என்று சொல்ல முடியாது. அதைச் சொன்னது மகன். வாயால் அல்ல. ஒரு கையை மனைவிக்குக் குறுக்கே நீட்டினார், இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கெட்டியாக மடக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர், ஆனால் கால் நகரவில்லை. ஜமீலாம்மா மூச்சை இழுத்தார், தொடையை அழுத்தினார், எழுந்து நின்றுவிட்டார்.

மறுபடி இறங்கினார், மறுபடி எழுந்தார். தொழுகை முடிந்து, வலமும் இடமும் திரும்பி சலாம் சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு தடவை அவசரமில்லாமல் எழுந்தார். குனிந்து முசல்லாவை அவரே மடித்து அலமாரியில் வைத்தார். அப்புறம்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் கால்தான் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் மூலைக்குப் போனார். அந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார்.

“நீங்க உக்காருங்கம்மா.”

நாற்காலியிலிருந்து பெண்களை எழுப்பிவிடுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான் அன்றைக்கு மறுபேச்சில்லாமல் அதில் உட்கார்ந்தேன் என்பதையும், எழும்போது என் வாய் தானாக ‘அம்மாடி’ என்றது என்பதையும் நம் வகுப்பில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.